டிராஃப்டுக்கு முன்னால் ஒரு பிக் மேனை எப்படிப் பார்ப்பது?

என்.பி.ஏ. டிராஃப்ட் நடப்பது ஜூன் மாதக் கடைசியில். ஆனால் நான்கைந்து மாதங்களுக்கு முன்பே அமெரிக்கக் கூடைப்பந்து ரசிகர்களிடையே வாதம் சூடுபிடித்துவிடும். எந்த இளைஞரை எந்த அணி எடுக்கும், யார் தேறுவார், யார் காணாமல் போவார் என்பதுதான் பேச்சு. ஒரு வகை ஆட்டக்காரரைப் பற்றிய வாதம் மட்டும் எந்த ஆண்டும் ஓய்வதில்லை. ஏழடி உயரத்தில், கூடைக்கு அடியில் நின்று ஆடும் இளம் சென்டர்தான் அவர். ரசிகர்கள் அவரைப் பிக் மேன் என்பார்கள்.

இந்த வாதத்தில் ரசிகர்களும் அணி நிர்வாகங்களும் திரும்பத் திரும்பத் தவறியிருக்கிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. கல்லூரி ஆட்டத்தில் ஒரு பிக் மேனை உயர்த்திக் காட்டும் விஷயங்கள் எல்லோர் கண்ணிலும் படுபவை: பந்தைக் கூடைக்குள் அறையும் டங்க், எதிராளியின் எறிதலைத் தட்டிவிடும் பிளாக், தவறிய எறிதலைக் கைப்பற்றும் ரீபவுண்ட். அவர் என்.பி.ஏ.யில் நிலைப்பாரா என்பதைச் சொல்லும் விஷயங்களோ பெரும்பாலும் அவர் கையில் பந்து இல்லாதபோது, கூடையைவிட்டு இருபதடி தள்ளி, ஓரிரு நொடிக்குள் நடந்து முடிந்துவிடும். பார்வையை அங்கே கொண்டுபோகப் பழகினால் இந்த மதிப்பீடு எவ்வளவோ தெளிவாகும். அதற்கான வழிகாட்டுதல்தான் இந்தக் கட்டுரை.

முதலில் டிராஃப்ட் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். என்.பி.ஏ.யில் 30 அணிகள். ஆண்டுதோறும் லீகுக்குள் வரும் புதிய ஆட்டக்காரர்களை அணிகள் இரண்டு சுற்றுகளில் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும். பிளே ஆஃபுக்குப் போகாத 14 அணிகளுக்கு ஒரு குலுக்கல் உண்டு. மோசமாக ஆடிய அணிக்கு முன்னால் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கூடுதல். 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் இடம் கிடைக்கும் வாய்ப்பு தலா 14 சதவீதம். டிராஃப்டுக்கு வருபவர் அந்த ஆண்டில் 19 வயதைத் தொட்டிருக்க வேண்டும். அமெரிக்கப் பள்ளியில் படித்தவர் என்றால் பள்ளி முடிந்து ஒரு பருவமாவது கடந்திருக்க வேண்டும். அதனால்தான் ஒரே ஒரு ஆண்டு கல்லூரியில் ஆடிவிட்டு வருபவர்கள் இத்தனை பேர். மே மாதம் சிகாகோவில் கம்பைன் என்ற அளவெடுப்பு முகாம் நடக்கும். உயரம், இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம், நின்றபடி கை எட்டும் உயரம், தாவும் உயரம் எல்லாம் அங்கே அளக்கப்படும்.

முன்வரிசைத் தேர்வு ஒரு அணியின் பத்தாண்டுகளை மாற்றக்கூடியது. 2009ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது இடத்தில் தேர்வு செய்யும் உரிமை மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ் அணியிடம் இருந்தது. அது எடுத்தது ஹஷீம் தபீட்டை. தான்சானியாவில் பிறந்தவர், 7 அடி 3 அங்குலம், கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஆட்டத்துக்கு நான்கு பிளாக்குக்கு மேல் போட்டவர். அவருக்கு அடுத்து மூன்றாவதாகப் போனவர் ஜேம்ஸ் ஹார்டன். ஏழாவதாகப் போனவர் ஸ்டெஃபன் கரி. தபீட் தன் முதல் பருவத்திலேயே துணை லீகுக்கு அனுப்பப்பட்டார், என்.பி.ஏ.யில் அவருடைய வாழ்நாள் சராசரி ஆட்டத்துக்கு 2.2 புள்ளிகள்.

இதற்கான அறிகுறி முன்கூட்டியே தெரிந்ததா? அந்த ஆண்டு பிப்ரவரி 16ஆம் தேதி நடந்த ஓர் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். நாட்டின் முதல் இடத்தில் இருந்த கனெக்டிகட், பிட்ஸ்பர்க் அணியிடம் 76-68 என்று தோற்றது. பிட்ஸ்பர்க்கின் டிஹுவான் பிளேர் 6 அடி 7 அங்குலம்தான். தபீட்டைவிட எட்டு அங்குலம் குட்டை. அவர் 22 புள்ளிகளும் 23 ரீபவுண்டுகளும் எடுத்தார். தபீட்டுக்குக் கிடைத்தவை 5 புள்ளிகள், 4 ரீபவுண்டுகள். ரீபவுண்டுக்கான மோதலில் ஒருமுறை பிளேர் தபீட்டைத் தன் தோளுக்கு மேலாகப் புரட்டித் தரையில் விழவைத்த காட்சி அன்றிரவு எல்லா விளையாட்டுச் செய்திகளிலும் ஓடியது. ஆனால் கவனிக்க வேண்டியது விழுந்ததை அல்ல. அதற்கு முன்பு பிளேர் தன் இடுப்பைத் தாழ்த்தி, தபீட்டின் தொடைக்குக் கீழ் தன் உடலை நுழைத்து, எறியப்பட்ட பந்து வளையத்தைத் தொடுவதற்குள்ளேயே இடத்தைப் பிடித்துவிட்டிருந்தார். உயரமானவர் நிமிர்ந்து நின்றபடி பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதே பருவ முடிவில் இருவருக்கும் சேர்த்தே பிக் ஈஸ்ட் தொகுதியின் சிறந்த ஆட்டக்காரர் விருது கிடைத்தது. டிராஃப்டிலோ தபீட் 2, பிளேர் 37.

இதைச் சொல்லும்போது பிளேரின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பள்ளிக் காலத்து அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின் அவருடைய இரண்டு முழங்கால்களிலும் முன்புறத் தசைநார் இல்லை என்று மருத்துவப் பரிசோதனையில் தெரிந்ததால்தான் அணிகள் தயங்கின. அப்படியும் சான் அன்டோனியோவுக்காக முதல் பருவத்தில் 82 ஆட்டங்களிலும் ஆடினார்.

சரி, கல்லூரியில் நான்கு பிளாக் போட்டவருக்கு என்.பி.ஏ.யில் ஏன் இந்த நிலை? அங்கே ஆடுகளமும் விதியும் வேறு. கூடையின் உயரம் எங்கும் 10 அடிதான். ஆனால் கூடைக்கு முன்னால் வண்ணம் பூசிய பகுதி, பெயிண்ட் என்பார்கள், கல்லூரியில் 12 அடி அகலம், என்.பி.ஏ.யில் 16 அடி. கல்லூரியில் தற்காக்கும் சென்டர் அந்தப் பெயிண்டுக்குள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்றுகொண்டிருக்கலாம். என்.பி.ஏ.யில் 2001-02 பருவத்திலிருந்து அப்படி முடியாது: எதிராளி ஒருவரை நெருங்கிக் காவல் காக்காமல் மூன்று நொடிக்கு மேல் உள்ளே நின்றால் அபராதம். மூன்று புள்ளிக் கோடும் தள்ளியிருக்கிறது; உச்சியில் 23 அடி 9 அங்குலம். ஐந்து எதிராளிகளில் நான்கு பேர், சில அணிகளில் ஐந்து பேருமே, அந்தக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியக்கூடியவர்கள். ஆகவே கூடைக்கு அடியில் நிலைகொண்டு வருபவர்களையெல்லாம் தட்டிவிடலாம் என்ற கல்லூரி வாழ்க்கை அங்கே கிடையாது. அவரை வெளியே இழுப்பார்கள். இழுத்த இடத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி.

எப்படி இழுப்பார்கள்? பிக் அண்ட் ரோல் என்ற ஆட்டத்தால். என்.பி.ஏ.யில் அடிக்கடி நடப்பது இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம். பந்தைக் கொண்டுவரும் சிறிய ஆட்டக்காரர், அதாவது கார்டு, மூன்று புள்ளிக் கோட்டருகே நிற்கிறார். அவர் அணியின் சென்டர் ஓடி வந்து, கார்டைக் காவல் காப்பவரின் வழியை மறித்து அசையாமல் நிற்கிறார். இது ஸ்க்ரீன். கார்டு அந்த சென்டரின் தோளை உரசிக்கொண்டு கடக்கிறார். காவலுக்கு வந்தவர் ஒரு நொடி பின்தங்கிவிடுகிறார். ஸ்க்ரீன் போட்ட சென்டர் உடனே திரும்பிக் கூடையை நோக்கி ஓடுகிறார். இப்போது பந்தோடு பாய்ந்து வரும் கார்டு, கூடைக்கு ஓடும் சென்டர் என இரண்டு பேர். எதிரே தற்காப்பு அணியின் பிக் மேன் ஒருவர் மட்டும்.

அவருக்கு முன்னால் சில வழிகள் உண்டு. பின்வாங்கிக் கூடையைக் காக்கலாம், இது டிராப். கார்டைத் தானே ஏற்றுக்கொள்ளலாம், இது ஸ்விட்ச். மேலே ஏறி வந்து கார்டை ஒரு கணம் தடுத்துவிட்டு, தன் ஆளிடம் திரும்பி ஓடலாம். எது சரி என்பதைப் பயிற்சியாளர் முடிவு செய்வார். ரசிகர் பார்க்க வேண்டியது உடலை. பின்வாங்கும்போது அவருடைய முழங்கால் மடிந்திருக்கிறதா, அல்லது நிமிர்ந்தபடியே பின்னால் நடக்கிறாரா? கார்டு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்போது கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றனவா? ஒரு கை பந்துக்கும் மறு கை பாஸ் போகும் வழிக்கும் நீண்டிருக்கிறதா? எறிவதுபோல் பாவனை காட்டினால் தரையைவிட்டுத் துள்ளிவிடுகிறாரா? இந்த நான்கையும் ஓர் ஆட்டத்தில் பத்துமுறை பார்த்தால் போதும். பிளாக் எண்ணிக்கை சொல்லாததை அது சொல்லிவிடும்.

இதற்கு நான் பரிந்துரைக்கும் ஆட்டம் 2024 ஏப்ரல் 8 அன்று அரிசோனாவின் கிளெண்டேலில் நடந்த கல்லூரி இறுதிப் போட்டி. அது அபூர்வமான ஆட்டம். டிராஃப்டுக்குப் போகவிருந்த இரண்டு ஏழடிக்காரர்கள் எதிரெதிரே நின்றார்கள். பர்டூ அணியின் ஸாக் ஈடி, 7 அடி 4 அங்குலம், கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்தவர். கனெக்டிகட்டின் டோனவன் கிளிங்கன், 7 அடி 2 அங்குலம். ஈடி அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்கு 25.2 புள்ளிகள், 12.2 ரீபவுண்டுகள், தொடர்ந்து இரண்டாவது ஆண்டாக நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர். கிளிங்கனின் எண்கள் அதில் பாதியளவே. ஆனாலும் டிராஃப்ட் கணிப்புகள் பலவற்றில் கிளிங்கன் மேலே இருந்தார், ஈடி எங்கோ கீழே. பர்டூ ரசிகர்களுக்கு இது பெரும் அநியாயமாகத் தோன்றியது.

அன்று ஈடி 37 புள்ளிகள் எடுத்தார். பர்டூ தோற்றது, 75-60. பாதிக்கு மேற்பட்ட புள்ளிகளை ஒருவரே எடுத்தும் அணி 15 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது எப்படி? கனெக்டிகட் வேண்டுமென்றே கிளிங்கனைத் தனியாக ஈடியிடம் விட்டுவைத்தது. இரண்டாவது ஆளை உதவிக்கு அனுப்பவில்லை. மற்ற நால்வரும் வெளியே நிற்கும் எறியாளர்களைவிட்டு அசையவே இல்லை. அந்தப் பருவம் முழுவதும் மூன்று புள்ளி எறிதலில் நூற்றுக்கு நாற்பது போட்ட பர்டூ, அன்று மொத்தமே ஏழு முறை எறிந்து ஒன்றே ஒன்று போட்டது. மறுமுனையில் கனெக்டிகட்டின் கார்டுகள் ஸ்க்ரீன் வைத்து ஈடியைக் கூடையைவிட்டு மேலே இழுத்தார்கள். டிரிஸ்டன் நியூட்டன் 20 புள்ளிகள், 7 அசிஸ்ட் எடுத்துப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார்.

ஒரே ஆட்டம் இரண்டு தரப்புக்கும் சான்று கொடுத்தது. ஈடியை ஆதரித்தவர்கள், குலுக்கல் அணிகளில் ஒன்றுக்குப் போகப்போகும் சென்டரையே எதிர்த்து 37 எடுத்தவர் இவர் என்றார்கள். எதிர்த்தவர்கள், அவரை வெளியே இழுத்தால் என்ன ஆகிறது பாருங்கள் என்றார்கள். என் பார்வையில் இரண்டுமே பாதி உண்மை. பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. ஈடி முதலாம் ஆண்டில் ஆடியதற்கும் நான்காம் ஆண்டில் ஆடியதற்கும் இடையே இருந்த மாற்றம். சிறு வயதில் அவர் ஆடியது ஐஸ் ஹாக்கியும் பேஸ்பாலும். கூடைப்பந்துக்கு வந்தது தாமதமாக. 2023 மார்ச்சில், நாட்டிலேயே உயரம் மிகக் குறைந்த அணிகளில் ஒன்றான ஃபேர்லி டிக்கின்ஸனிடம் பர்டூ முதல் சுற்றிலேயே தோற்றபோது, ஈடியின் கதை அவ்வளவுதான் என்று பலரும் முடிவு கட்டினார்கள். அடுத்த ஆண்டு அதே ஆள் உடலை இறுக்கிக்கொண்டு, மூச்சைக் கூட்டிக்கொண்டு, அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுவந்தார். ஒரு பிக் மேனை மதிப்பிடும்போது இந்த முன்னேற்றத்தின் சாய்வைப் பார்க்காமல் ஒரு பருவத்தின் எண்களை மட்டும் பார்ப்பது பெரிய குறை.

வயதையும் கூடவே வைத்துப் பார்க்க வேண்டும். ஈடி டிராஃப்டுக்கு வந்தபோது வயது 22, கிளிங்கனுக்கு 20. நான்காம் ஆண்டு மாணவர் பதினெட்டு வயதுக்காரர்களைத் தள்ளிவிட்டு எடுக்கும் புள்ளிகளுக்கும், முதலாண்டு மாணவர் எடுக்கும் புள்ளிகளுக்கும் ஒரே எடை கிடையாது. அணிகள் வயது குறைந்தவர்களை விரும்புவதில் நியாயம் உண்டு. வளர இடம் இருக்கிறது. ஆனால் இந்த நியாயத்தையும் சிலர் எல்லை மீறிக் கொண்டுபோகிறார்கள். தாமதமாக ஆட்டத்துக்கு வந்தவருக்கு 22 வயது என்றால், ஆட்டத்தில் அவர் வயது அதைவிடக் குறைவு. பெயர் பெற்ற பிக் மேன்கள் சிலரும் அப்படித் தாமதமாக வந்தவர்களே. ஹக்கீம் ஒலாஜுவான் நைஜீரியாவில் ஹேண்ட்பாலும் கால்பந்தும் ஆடியவர். டிம் டங்கன் நீச்சல்காரர். ஜோயல் எம்பீட் கேமரூனில் பதின்வயதின் நடுவில்தான் பந்தைத் தொட்டார்.

இனி பந்து கையில் வரும்போது. பிக் மேன் எப்படிக் கூடையில் போடுகிறார் என்பதைவிட, பந்தை எப்படிப் பிடிக்கிறார் என்பதை முதலில் பாருங்கள். ஓடிக்கொண்டே, உடல் திரும்பிக்கொண்டிருக்கும்போது, முழங்கால் உயரத்தில் வரும் பாஸை ஒரே பிடியில் எடுக்கிறாரா? எடுத்த பந்தை மார்புக்குக் கீழே இறக்குகிறாரா, தலைக்கு மேலேயே வைத்துக்கொள்கிறாரா? கீழே இறக்கினால் ஆறடிக் கார்டுகள் தட்டிப் பறித்துவிடுவார்கள். கல்லூரியில் இது அவ்வளவாகத் தெரியாது, என்.பி.ஏ.யில் ஒவ்வொரு ஆட்டத்திலும் தெரியும்.

அடுத்து, பிடித்த பின்னான முடிவு. கார்டின் மேல் இரண்டு பேர் விழுந்தால், ஸ்க்ரீன் போட்ட பிக் மேனுக்கு ஃப்ரீ த்ரோ கோட்டருகே பந்து வரும். அவருக்கு முன்னால் எதிராளிகள் மூன்று பேர், தன் ஆட்கள் மூன்று பேர். ஒரு நொடிக்குள் யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். சிலர் பந்தை வாங்கியதும் கூடையை மட்டுமே பார்ப்பார்கள். சிலர் வாங்குவதற்கு முன்பே மூலையில் நிற்பவரைப் பார்த்துவைத்திருப்பார்கள். இந்த இரண்டாம் வகை அபூர்வம், விலைமதிப்பற்றது. 2014இல் நிகோலா யோகிச்சை டென்வர் எடுத்தது 41ஆவதாக, இரண்டாம் சுற்றில். அந்த நேரத்தில் தொலைக்காட்சியில் துரித உணவு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது; பெயரைத் திரையின் அடியில் எழுத்தாகப் போட்டார்கள். தாவமாட்டார், ஓட்டம் மெதுவு, உடல் தளர்வு என்று அவரைப் பற்றிச் சொல்லப்பட்டவை எல்லாம் உண்மைதான். ஆனால் செர்பியாவில் மேகா அணிக்கு ஆடியபோதே அவர் பாஸ் கொடுத்த விதம் திறந்த ரகசியம். பிற்பாடு மூன்று முறை லீகின் சிறந்த ஆட்டக்காரர், 2023இல் சாம்பியன்.

எண்களில் எதை நம்பலாம்? என் மட்டில் ஃப்ரீ த்ரோ சதவீதத்தை முதலில் பார்ப்பேன். கல்லூரிச் சென்டர்கள் மூன்று புள்ளி எறிவது மிகக் குறைவு. முப்பது நாற்பது எறிதலை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. ஃப்ரீ த்ரோ நூற்றுக்கணக்கில் எறிவார்கள். தடுப்பவர் இல்லை, தூரம் மாறுவதில்லை. கையின் பழக்கம் மட்டுமே பேசும். அதில் நூற்றுக்கு எழுபத்தைந்து போடுபவருக்குத் தூரத்திலிருந்து எறியக் கற்றுக்கொடுக்க வழி இருக்கிறது. ஐம்பது போடுபவரைப் பற்றி, பயிற்சியில் மூன்று புள்ளி போடுகிறார் என்று வரும் வீடியோக்களை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஆளில்லா ஜிம்மில் எல்லோரும் போடுவார்கள்.

புள்ளிக் கணக்கு ஏமாற்றும், இரண்டு பக்கமாகவும். டெரிக் லைவ்லி டியூக் பல்கலைக்கழகத்தில் ஆட்டத்துக்கு 5.2 புள்ளிகள்தான் எடுத்தார். பள்ளியில் அவர் பெயர் இருந்த உயரத்துக்கு அது பெரிய ஏமாற்றம் என்றார்கள். ஆனால் அந்தப் பருவத்தின் பின்பாதியில் அவர் தற்காப்பில் கால் வைத்த விதத்தைப் பார்த்தவர்கள் வேறு மாதிரி பேசினார்கள். 2023இல் 12ஆவதாகத் தேர்வான அவர், அடுத்த ஆண்டே டாலஸ் அணியோடு என்.பி.ஏ. இறுதிச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம், ஜேம்ஸ் வைஸ்மன். மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்துக்காக அவர் ஆடியவை மூன்றே ஆட்டங்கள். சராசரி ஏறக்குறைய இருபது புள்ளிகள். 2020இல் கோல்டன் ஸ்டேட் அவரை இரண்டாவதாக எடுத்தது. மூன்று பருவம் முடிவதற்குள் வேறு அணிக்கு அனுப்பிவிட்டது. மூன்று ஆட்டங்களை வைத்து யாராலும் சரியாகச் சொல்லியிருக்க முடியாது. இந்த மாதிரி ஆட்களிடம் உயரமும் துள்ளலும் தவிர வேறு சான்று இல்லை என்பதையே ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஃபவுல் எண்ணிக்கையையும் பாருங்கள். கல்லூரியில் 40 நிமிட ஆட்டத்துக்கு ஐந்து ஃபவுல், என்.பி.ஏ.யில் 48 நிமிடத்துக்கு ஆறு. நேராக மேலே எழும்பி, கைகளைச் செங்குத்தாக வைத்துக்கொண்டால், வருபவர் வந்து மோதினாலும் தற்காப்பவர் மேல் ஃபவுல் இல்லை. இதைக் கற்றவர் பிளாக் போடாமலேயே எறிதலைக் கெடுப்பார். கல்லாதவர் கையை வீசுவார், இரண்டு பிளாக் போடுவார், மூன்றாவது ஃபவுலோடு பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவார்.

அளவுகளில் ஒன்று மட்டும் உயரத்தைவிட முக்கியம்: கை. 2013 கம்பைனில் ருடி கோபேர் இரு கைகளையும் விரித்தபோது வந்த நீளம் 7 அடி எட்டரை அங்குலம். நின்றபடி எட்டியது 9 அடி 7 அங்குலம். கூடைக்கு இன்னும் ஐந்தே அங்குலம்! அவர் போனது 27ஆவதாக. பிறகு நான்கு முறை லீகின் சிறந்த தற்காப்பாளர். ஆனால் அளவு மட்டும் போதுமென்றால் நம் சத்னாம் சிங்கும் அங்கே ஆடியிருப்பார். பஞ்சாபின் பல்லோ கே கிராமத்திலிருந்து ஃபுளோரிடாவின் ஐ.எம்.ஜி. அகாடமிக்குப் போய், 2015இல் டாலஸ் அணியால் 52ஆவதாக எடுக்கப்பட்டு, இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. டிராஃப்டில் தேர்வான முதல் ஆள் ஆனவர். 7 அடி 2 அங்குலம். துணை லீகில் ஆடினார், என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. அந்தக் கிராமத்திலிருந்து அவ்வளவு தூரம் போனது எனக்கு இன்றும் வியப்பான சாதனை. ஆனால் லீக் வேகமான கால்களைத் தேடத் தொடங்கிய காலத்தில் அவர் வந்து சேர்ந்தார்.

ரசிகர் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் கண்ணுக்கு எட்டாத ஒன்று உண்டு: எலும்பும் மூட்டும். அந்த உயரமும் எடையும் பாதத்திலும் முழங்காலிலும்தான் இறங்குகின்றன. 2007இல் போர்ட்லண்ட் முதலாவதாக எடுத்த கிரெக் ஓடன், கல்லூரி இறுதிப் போட்டியில் 25 புள்ளி, 12 ரீபவுண்ட் எடுத்தவர். அவருக்கு அடுத்துப் போனவர் கெவின் டுரண்ட். முதல் பருவம் தொடங்குவதற்கு முன்பே ஓடனின் வலது முழங்காலில் அறுவைச் சிகிச்சை. போர்ட்லண்டுக்காக அவர் ஆடியவை மொத்தம் 82 ஆட்டங்கள். ஒரு முழுப் பருவத்தின் அளவு. இதை அந்த அணியின் முட்டாள்தனம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். அன்று ஆட்டத்தைப் பார்த்து ஓடனைத் தேர்ந்தெடுத்தவர்களின் கண் தவறவில்லை. எம்பீடுக்கும் 2014 டிராஃப்டுக்குச் சில நாள் முன்னால் பாத எலும்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. இரண்டு பருவங்கள் முழுக்க ஆடவில்லை. 2023இல் லீகின் சிறந்த ஆட்டக்காரர். இன்னொரு பிக் மேன், செட் ஹோம்கிரன், முதல் பருவத்தைப் பாதக் காயத்தில் இழந்து, அடுத்த பருவத்தில் 82 ஆட்டங்களும் ஆடினார். மருத்துவ அறிக்கை அணிகளின் கையில்தான் இருக்கிறது. திறமையானவர் ஒருவர் காரணம் தெரியாமல் பத்து இடம் சரிந்தால், அங்கே ஏதோ இருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொள்ளலாம்.

ஈடி விஷயத்துக்கு முடிவு என்ன? கிளிங்கன் ஏழாவதாகப் போர்ட்லண்டுக்கு. ஈடி ஒன்பதாவதாக மெம்ஃபிஸுக்கு. கணிப்புகளைப் படித்துக்கொண்டிருந்த பலருக்கு அந்த ஒன்பது அதிர்ச்சி. மெம்ஃபிஸைப் பார்த்திருந்தால் அவ்வளவு அதிர்ந்திருக்க வேண்டாம். ஸ்க்ரீன் போட்டு, எதிராளியைப் பின்னுக்குத் தள்ளி ரீபவுண்ட் எடுத்த ஸ்டீவன் ஆடம்ஸை அந்த அணி சில மாதம் முன்புதான் ஹூஸ்டனுக்கு அனுப்பியிருந்தது. அப்போது பக்கத்தில் ஆடிய ஜேரன் ஜாக்சன் ஜூனியர் வெளியிலிருந்து எறிபவர், 2023இன் சிறந்த தற்காப்பாளரும் அவரே. பிக் மேன் இழுக்கப்படும்போது பின்னால் கூடையைக் காக்க இன்னொருவர் இருந்தார். அதே ஈடி, சென்டரை ஒவ்வொரு முறையும் கார்டோடு மாற விடும் அணிக்குப் போயிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். முதல் பருவத்தில் 9.2 புள்ளி, 8.3 ரீபவுண்ட், புதியவர்களின் முதல் ஐவர் அணியில் இடம். கல்லூரி எண்களைக் காட்டி அவரைத் தூக்கிவைத்தவர்கள் எதிர்பார்த்த ஆதிக்கமும் வரவில்லை, ஒதுக்கியவர்கள் சொன்ன தோல்வியும் வரவில்லை. ஆளைப் பற்றிப் பேசும்போது எந்த அணிக்கு என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்பது இதனால்தான்.

எவ்வளவு காலம் பொறுத்திருந்து தீர்ப்புச் சொல்லலாம் என்றும் கேட்பார்கள். பிக் மேன்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் ஆடி, 2008இல் பத்தாவதாகத் தேர்வான ப்ரூக் லோப்பஸை நினைத்துப் பாருங்கள். கூடைக்கு அருகே முதுகைக் காட்டி ஆடும் பழைய பாணிக்காரர் என்றே பெயர். முதல் எட்டுப் பருவங்களில் அவர் எறிந்த மூன்று புள்ளி எறிதல்கள் மொத்தம் 31, போட்டவை 3. ஒன்பதாவது பருவத்தில் பயிற்சியாளர் வெளியே நில் என்றார். அந்த 2016-17 ஒரே பருவத்தில் 387 எறிந்து 134 போட்டார். 2021இல் மில்வாக்கி அணியின் சென்டராகச் சாம்பியன் ஆனபோது வெளியிலிருந்து எறிவது அவருடைய வழக்கமாகவே ஆகியிருந்தது. அந்த எட்டு ஆண்டும் அவர் ஃப்ரீ த்ரோவில் நூற்றுக்கு ஏறக்குறைய எண்பது போட்டுக்கொண்டுதான் இருந்தார்.